சுங்கக்காரர் பாதையில் எனக்கொரு இடம்

நான் ஒருநாளும் கால் வைக்காத பாதை அது. ஆனாலும் கண்ணைக் கட்டிவிட்டால்கூட அதில் நடந்துவிடுவேன். கடலோரத்தில் ஒரு சின்னக் கற்கோயில், அதில் தொடங்கும். ஒரு பக்கம் முழுக்கக் கடல். மற்றப் பக்கம் மஞ்சள் பூப் பூத்த முட்பற்றை. முதல் நாள் மத்தியானத்துக்குள் மூன்று ஓடை வரும். மூன்றாவதுக்குப் பாலம் இல்லை, கல்லில் கால் வைத்துத்தான் தாண்டவேண்டும். இரண்டாம் நாள் ஒரு வயலுக்கு நடுவே இரண்டு ஆள் உயரத்தில் ஒற்றைக் கல் நிற்கும். யார் நட்டார்கள், எதற்கு நட்டார்கள், ஒருவருக்கும் தெரியாது. வழி நெடுகப் பாறைகளில் வெள்ளையும் சிவப்புமாக இரண்டு கோடு பூசியிருப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு போனால் வழி தப்பாது.

போகாதவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். இத்தாலியில் பலெர்மோ நகரத்தில், வியா மக்வேதா வீதிக்குப் பின்னால் ஒரு நாலாம் மாடி வீட்டில், அந்தப் பாதையின் வரைபடம் தொங்கிய சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு பதின்மூன்று வருடம் உடுப்பு மினுக்கியவள் நான். சட்டைக் கொலரில் ஒரு கண், கடற்கரையில் ஒரு கண். இரண்டு சட்டை கருகியும் இருக்கிறது.

அந்த வீட்டு அம்மா, நான் கூப்பிடுவது சிஞ்ஞோரா, பலெர்மோக்காரி அல்ல. பிரான்சின் மேற்கு மூலையில் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு கிடக்கும் பிரெத்தாஞ்சில் பிறந்தவர். இங்கே ஒருவரைக் கலியாணம் முடித்து வந்து, பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படிப்பித்து, புருசனையும் இங்கேயே புதைத்தவர். யாராவது பிரெஞ்சுக்காரி என்றால் உடனே திருத்துவார்: "பிரெத்தோன்." எங்களை யாராவது சிறிலங்கன் என்றால் நாங்கள் தமிழர் என்று திருத்துகிற மாதிரித்தான். அதனாலேயே எனக்கு அவரை வேலைக்குப் போன முதல் நாளே பிடித்துவிட்டது. நாங்கள் இருவரும் இத்தாலியனில் கதைப்போம். இருவருக்கும் அது இரவல் மொழி, ஆகையால் ஒருவர் பிழைக்கு ஒருவர் சிரிக்கமாட்டோம்.

வருடா வருடம் மே மாதம் கடைசியில் அவர் தன் ஊருக்குப் போவார். கூடப் படித்த மூன்று தோழிகள் வருவார்கள். ஒரு கிராமத்து வீட்டை எடுத்து, நாலு கட்டிலில் நாலு பேரும் படுத்து எழும்பி, எட்டு நாளும் ஒவ்வொரு துண்டாகப் பாதையை நடப்பார்கள். முந்தின காலத்தில் கள்ளக்கடத்தல்காரரைப் பிடிக்கச் சுங்கக்காரர்கள் கரை நெடுக நடந்து நடந்து உண்டான பாதையாம். எங்கள் ஊர்க் கரையிலும் கடத்தல் நடந்ததுதான். ஆனால் சுங்கக்காரன் காலால் நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை, ஜீப்பில்தான் வந்தான். இதைச் சொன்னபோது சிஞ்ஞோரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

திரும்பி வந்ததும் நான் மினுக்க, அவர் கதிரையைப் போட்டுக்கொண்டு படம் காட்டுவார். அந்த மஞ்சள் பூவில் வெயில் பட்டால் தேங்காய் வாசம் வரும் என்றார். குளிர் நாட்டுப் பற்றையில் தேங்காய் எங்கே இருந்து வந்தது என்று நான் நம்பவில்லை. அவர் அடுப்படிக்குப் போய் என் தேங்காய்ப்பால் பேணியைத் தூக்கி வந்து மணந்து காட்டி, "இதேதான், இதேதான்" என்று சத்தியம் பண்ணினார். கறுப்புத் தானிய மாவில் அவர்கள் சுடும் மெல்லிய ரொட்டியை எனக்குச் சுட்டுத் தந்தார். நிறத்தில் எங்கள் குரக்கன் ரொட்டியின் தங்கச்சி, ருசியில் இல்லை. புனிதரின் சிலையைத் தோளில் தூக்கிக்கொண்டு, கொடி பிடித்துப் பாட்டுப் பாடி ஊற்றடிக் கோயிலுக்கு நடந்து போகும் திருவிழாப் படம் ஒன்று காட்டினார். இதைப் பார்க்கப் பிரான்சுக்குப் போகவேண்டுமா, எங்கள் தீர்த்தத் திருவிழாவேதான் என்று நான் சொன்னேன்.

ஒருமுறை இன்னொரு கதை சொன்னார். பிரெத்தாஞ்சில் ஏழு புனிதர்களுக்கு ஏழு ஊர். ஏழையும் சுற்றி நடப்பது அங்கே பிறந்தவரின் கடமையாம். உயிரோடு நடக்காதவர் செத்த பிறகு நடக்கவேண்டுமாம், ஏழு வருடத்துக்கு ஒரு சவப்பெட்டி நீளம். "எங்களை எரிக்கிறது சிஞ்ஞோரா, பெட்டி கூட மிஞ்சாது. நான் உயிரோடுதான் வரவேண்டும்" என்றேன். அவர் சிரிக்காமல் என்னைப் பார்த்து, "ஒருநாள் வருவாய்" என்றார். அந்த ஒருநாளை நான் விளையாட்டாக எடுக்கவில்லை.

ஏன் எனக்கு அப்படி ஒரு ஆசை? சொல்லிவிடுகிறேன். நான் நடக்காதவள் அல்ல. பதினாறு வயதில், சண்டைக்குப் பயந்து ஊரே வெளிக்கிட்டபோது தலையில் மூட்டையோடு மழையில் நடந்தேன். பலெர்மோவில் பஸ் வராத நாளெல்லாம் வேலைக்கு நடந்தேன். மொந்தே பெல்லெகிரினோ மலையில் இருக்கிற புனிதையின் குகைக்கோயிலுக்கு, சைவக்காரி நான், வெறுங்காலோடு ஏறியிருக்கிறேன்: பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதி கிடைக்கவேண்டும் என்று, மகனுடைய பரீட்சைக்கு, கணவருடைய நெஞ்சு ஒப்பரேசனுக்கு. ஒவ்வொரு நடைக்கும் ஒரு காரணம், முடிவில் ஒரு கேட்டல். ஒன்றும் கேட்காமல், யாரும் காத்திராமல், யாரையும் மனதில் தூக்காமல், சும்மா நடந்ததே இல்லை. எட்டு நாள் அப்படி நடக்கவேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. வீடு வாசல் கேட்கவில்லை, நகை கேட்கவில்லை.

இந்த ஆசை தெரிந்தவள் ஒருத்திதான். கபோச் சந்தைக்குப் பக்கத்தில் எங்கள் படிக்கட்டில் கீழ் மாடியில் இருப்பவள். நானும் அவளும் ஒரே வருடம் இந்த ஊருக்கு வந்தோம். ஒரே வயது. முதல் பிள்ளைகளை ஒரே ஆஸ்பத்திரியில் ஒரு மாத இடைவெளியில் பெற்றோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் சேர்ந்து மலை ஏறுவோம். ஏறும்போது நான் சிஞ்ஞோராவின் பாதையைப் பற்றிக் கதைப்பேன், அவள் கேட்டுக்கொண்டு வருவாள். "உன்ரை கால் இஞ்சை நடக்குது, வாய் பிரான்சிலை நடக்குது" என்று பகிடி பண்ணுவாள். அவளுக்குக் கிடைத்த வேலை கஷ்டமான வேலை. படுக்கையில் கிடந்த ஒரு கிழவரைப் பதினொரு வருடம் பார்த்தாள். அந்தக் குளிர்காலத்தில் கிழவர் செத்துப்போக, அவள் வேலை இல்லாமல் இருந்தாள். ஈஸ்டருக்கு முன் ஜன்னல் துடைக்க இரண்டு நாளுக்கு ஒரு ஆள் வேண்டும் என்று சிஞ்ஞோரா கேட்டபோது, அவளைக் கூட்டிக்கொண்டு போனவள் நான்தான். நானேதான்!

முதல் நாள் செவ்வாய்க்கிழமை. நான் அடுப்படியில் கூனைப்பூ முள் வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் ஏணியில் நின்று மேல் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே போன் அடித்தது. கொஞ்ச நேரத்தில் சிஞ்ஞோரா வந்து கதவடியில் நின்றார். தோழி ஒருத்தி படியில் விழுந்து கணுக்காலை முறித்துவிட்டாளாம். இந்த வருடம் வரமாட்டாளாம். "ஒரு கட்டில் காலியாக இருக்கிறது" என்றார். "நீ வருகிறாயா? எட்டு நாள். டிக்கெட் என் பொறுப்பு."

கையில் இருந்த கூனைப்பூவை மேசையில் வைத்தேன். வாய் என்ன சொன்னது தெரியுமா? "இல்லை இல்லை சிஞ்ஞோரா, நான் எப்படி வர, வீடு இருக்கு, அவர் இருக்கிறார்..."

எங்களை அறியாதவர்களுக்கு இது விளங்காது. எங்கள் ஆட்கள் வீட்டுக்குப் போனால், தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டதும் குடிக்கிறோம் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். தொண்டை வறண்டு செத்துக்கொண்டிருந்தாலும் "வேண்டாம், இப்பதான் குடிச்சனாங்கள்" என்போம். வீட்டுக்காரி அதைக் காதில் விழுத்தாமல் கேத்திலை அடுப்பில் வைப்பாள். திருப்பிக் கேட்பாள். "சரி, அரைக் கப் காணும்" என்று பிறகுதான் இறங்குவோம். கேட்டவுடன் கை நீட்டினால் அம்மா தொடையில் கிள்ளுவா, வீட்டுக்குப் போனபின் பேச்சும் விழும். முதல் "வேண்டாம்" ஒரு மரியாதை, பதில் அல்ல. சிஞ்ஞோராவுக்கு இது தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். கேக் வேண்டுமா என்பார், வேண்டாம் என்பேன், கேக் பெட்டிக்குள் போய்விடும். பதின்மூன்று வருடத்தில் நான் இழந்த கேக்கை அடுக்கினால் ஒரு கலியாணத்துக்குக் காணும். அப்படித் தெரிந்தும் அன்றைக்கு வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"பெக்காத்தோ" என்றார் சிஞ்ஞோரா, பாவமே என்கிற மாதிரி. கதவடியில் கொஞ்சம் நின்றார். பிறகு உள்ளே போய்விட்டார்.

ஏணியில் நின்றவள் துணியை வாளிக்குள் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எடியே விசரி, என்ன கதை கதைக்கிறாய்? ஓம் எண்டு சொல்ல வாய்க்குள்ளை என்ன கொழுக்கட்டையே?"

"ஒருக்காக் கேட்ட உடனை பாயுறதே? திருப்பிக் கேப்பா. கேக்கட்டும், உடனை ஓம் எண்டு சொல்லுவன்."

"அவ கேக்காட்டி?"

"கேப்பா. எனக்குத் தெரியாதே அவவை?"

"நீயே போய்ச் சொல்லன், மனம் மாறிப்போச்சு எண்டு."

"போடி. நானாப் போய்ப் பல்லை இளிச்சுக்கொண்டு நிக்கிறதே?"

அவள் துணியைப் பிழிந்து மறுபடி துடைக்கத் தொடங்கினாள். நான் பொய் சொல்லக்கூடாது, அவள் அன்றைக்கு எனக்கு நல்ல புத்திதான் சொன்னாள். நான் கேட்கவில்லை.

வியாழக்கிழமை அவள் மிச்ச ஜன்னலைத் துடைக்கப் போனாள். திங்கள், செவ்வாய், வியாழன்தான் எனக்கும் அங்கே வேலை நாள், ஆனால் அன்றைக்கு நான் போகவில்லை. கணவருடைய பெர்மெசோ புதுப்பிப்பதற்குக் குவெஸ்தூராவில், அதுதான் பொலிஸ் தலைமையகத்தில், எங்களுக்கு நேரம் குறித்திருந்தார்கள். காலை எட்டு மணி தொடக்கம் பின்னேரம் மட்டும் அங்கே வரிசையில் நின்றேன். நிற்கும்போது முழுக்க யோசித்தது பிரெத்தாஞ்சைப் பற்றித்தான். எட்டு நாளைக்குக் கறி சமைத்துப் பெட்டி பெட்டியாக உறையவைக்கலாம். மகள் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து பார்ப்பாள். கணவரிடம் சொன்னேன். அவர் பிரெத்தாஞ்சைப் பிரித்தானியா என்று விளங்கிக்கொண்டு, "அப்ப லண்டனிலை தங்கச்சியையும் ஒருக்காப் பாத்திட்டு வா" என்றார். வரும் வழியில் மழைக்கோட்டு ஒன்று வாங்கினேன், பச்சை நிறம், தொப்பியோடு. அங்கே வெயிலும் மழையும் ஒரே மணித்தியாலத்தில் வரும் என்று சிஞ்ஞோரா சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல மலை ஏறினோம். மழைக்கோட்டு வாங்கினதைச் சொன்னேன். முதல் நாள் ஓடை, இரண்டாம் நாள் கல், எல்லாம் திரும்பவும் சொன்னேன். சிஞ்ஞோரா திங்கட்கிழமை கட்டாயம் கேட்பார் என்றேன். அவள் ஒரு தோடம்பழத்தை உரித்துச் சுளை சுளையாக எனக்குத் தந்துகொண்டு வந்தாள். ஒரு சொல் சொல்லவில்லை. வேலை போன கவலை என்று நினைத்தேன். திரும்பி இறங்கும்போது மொண்டெல்லோப் பக்கம் கடல் நல்ல நீலமாக இருந்தது. "இதைவிட நல்லதே அந்தக் கடல்?" என்று மட்டும் கேட்டாள்.

திங்கட்கிழமை சிஞ்ஞோரா கேட்கவில்லை. கோப்பி குடித்துக்கொண்டே சொன்னார்: "உன் தோழி வருகிறாள். எனக்குச் சந்தோசம். நீ வராதது கவலைதான், ஆனால் கட்டில் வீணாகாது."

"நல்லது சிஞ்ஞோரா" என்றேன். அன்றைக்கு எத்தனை சட்டை மினுக்கினேன் என்று தெரியாது. வரைபடம் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

பின்னேரம் நேரே அவள் கதவைத் தட்டினேன். திறந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது அவளுக்கு.

"நீதானே வேண்டாம் எண்டனி" என்றாள். "வியாழக்கிழமை அவ என்னைக் கேட்டா. இடம் சும்மா கிடந்தது."

"நேற்று மலையிலை ஏன்டி சொல்லேல்லை?"

"எப்பிடிச் சொல்லுறது? நீ மூச்சு விடாமல் கதைச்சுக்கொண்டு வாறாய்."

ஆனால் என்ன சொல்ல? வேண்டாம் என்றது என் வாய். நாலு பேருக்கு முன்னால் வைத்து நியாயம் கேட்டால் நியாயம் அவள் பக்கம். இந்தப் பொல்லாத மரியாதையைத் தூக்கிக்கொண்டு திரிந்தது என் பிழை என்று என்னையே திட்டினேன். மூன்று இரவு அழுதேன். பிறகு, கேளுங்கள் என் மடத்தனத்தை, அந்தப் பச்சை மழைக்கோட்டை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "அங்கை மழை வரும், கொண்டு போ" என்றேன். அவள் முதலில் வேண்டாம் என்றாள். நான் திருப்பிச் சொன்னேன். வாங்கினாள். மே மாதக் கடைசியில் விமானம் ஏறினார்கள். என் மழைக்கோட்டு பிரெத்தாஞ்சுக்குப் போயிற்று, நான் கபோவில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன்.

வந்ததும் படிக்கட்டில் அவளுக்கு ஒரே வரவேற்பு. எங்கள் பெண்கள் எல்லாரும் சுற்றிவர இருந்தார்கள். கையில் போன், ஒவ்வொரு படமாகத் தள்ளுகிறாள். வயல் நடுவே கல்லுக்குப் பக்கத்தில் பச்சைக் கோட்டோடு நிற்கிறாள். கற்சிலுவைக்குக் கீழே இருந்து ரொட்டி கடிக்கிறாள். "இந்த மஞ்சள் பூவிருக்கே, உங்களுக்குச் சொன்னா நம்பமாட்டியள், தேங்காய்ப்பூ வாசம்!" என்கிறாள். பெண்கள் "ஐயோ, உண்மையாவே?" என்கிறார்கள். அந்தப் பூவை மலைப் பாதையில் வைத்து எத்தனை தரம் அவளுக்குச் சொல்லியிருப்பேன்! தானே முதன்முதல் மணந்து கண்டுபிடித்த மாதிரிச் சொன்னாள். எனக்கு ஒரு தகரப் பெட்டி வெண்ணெய் பிஸ்கட் கொண்டுவந்திருந்தாள். நல்லாயிருந்தது என்று சொன்னேன். அதுவரைக்கும் அவள் என்னுடைய சிநேகிதிதான். பொறாமையாக இருந்தது, கோபமாக இருந்தது, ஆனாலும் சிநேகிதிதான்.

அடுத்த கிழமை சிஞ்ஞோரா வீட்டில் ஏணி எடுத்துப் பரணில் சாமான் வைக்கப் போனேன். "ஏறாதே, ஏறாதே, முழங்கால்!" என்று ஓடி வந்தார்.

"எந்த முழங்கால் சிஞ்ஞோரா?"

"உன் முழங்கால்தான். இப்போது எப்படி?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு விளக்கமாகச் சொன்னார். அந்தச் செவ்வாய்க்கிழமை நான் வேண்டாம் என்று சொன்ன விதம் அவருக்கு மனதுக்குச் சரியாகப் படவில்லையாம். கூச்சத்தில் சொல்கிறாளோ என்று யோசித்தாராம். வியாழக்கிழமை அவளைப் பார்த்ததும், "நீ உங்கள் மொழியில் அவளிடம் ஒருமுறை கேள். என்னிடம் சொல்லாததை உன்னிடம் சொல்லுவாள்" என்று கேட்டிருக்கிறார். அவள் உடனே போனை எடுத்துக்கொண்டு வாசல் நடையில் போய் நின்று என்னோடு கதைத்தாளாம். ஐந்து நிமிடம் தமிழில். நடுவில் பிரெத்தாஞ் என்கிற சொல் சிஞ்ஞோராவுக்குக் கேட்டதாம். அன்பாகத்தான் கேட்டாளாம், கெஞ்சக்கூடக் கெஞ்சினாளாம். பிறகு உள்ளே வந்து, "அவளுக்கு முழங்கால் சரியில்லை, உங்களிடம் சொல்ல வெட்கம். நடையும் அவளுக்கு அவ்வளவு பிடிக்காது, கும்பிடத்தான் நடப்பாள்" என்று சொன்னாளாம். அதைக் கேட்டபின்தான் சிஞ்ஞோரா அவளை வரச் சொன்னாராம்.

நான் ஏணியில் இருந்து இறங்கினேன். குவெஸ்தூராவில் நின்ற அந்த நாள் முழுக்க என் போன் என் கையில்தான் இருந்தது. ஒரு அழைப்பும் வரவில்லை. வெறும் போனைக் காதில் வைத்துக்கொண்டு, என்னைக் கேள்வி கேட்டு, என் பதிலையும் தானே கேட்டுத் தலையாட்டி, ஐந்து நிமிடம் நடித்திருக்கிறாள். இரண்டாம் தரம் கேட்கவேண்டும் என்று நான் காத்திருந்தேனே, கேட்டிருக்கிறார்கள்! நான் நினைத்ததைவிட சிஞ்ஞோரா எங்களை அறிந்துவைத்திருக்கிறார். அந்தக் கேள்வி என்னிடம் வந்து சேராமல் நடுவில் நின்று விழுங்கியவள் எனக்குத் தோடம்பழம் உரித்துத் தந்தவள். கூட இருந்து குழி பறிப்பது என்று சொல்லுவோமே, அதுதான் இது.

சிஞ்ஞோராவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் எங்கள் ஆள் ஒருத்தியை வேற்று ஆளுக்கு முன்னால் கள்ளி என்று காட்டிக்கொடுக்க எனக்கு வரவில்லை. அந்தப் பழக்கமும் எங்களுக்கு ஊறினதுதான். "இப்ப சுகம் சிஞ்ஞோரா" என்றேன். "அடுத்த வருடம் வேண்டுமென்றால் நானும்..." என்று தொடங்கினேன். வாழ்க்கையில் முதல் தரம் நானாகக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். இடுப்பு மூட்டு ஒப்பரேசன் செய்யச் சொல்லி டொக்டர் சொல்லிவிட்டாராம். மற்றத் தோழிகளுக்கும் முடியவில்லையாம். கடைசி நாள் அந்தக் கற்கோயிலடியில் நின்று இதுதான் கடைசி நடை என்று நாலு பேரும் கட்டிப்பிடித்தார்களாம். நாலாவது ஆள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கீழே காத்துக்கொண்டு நின்றாள். பாதி மலை மட்டும் நான் அவளுக்கு முன்னால் ஏறினேன். வளைவில் ஒரு கற்கட்டின் மேல் அவள் இருந்து தண்ணீர் குடித்தபோது கேட்டேன்.

"குவெஸ்தூராவிலை நான் நிண்ட அண்டைக்கு, சிஞ்ஞோரா வீட்டு நடையிலை நிண்டு ஆரோடை போன் கதைச்சனி?"

போத்தலை மூடினாள். மூடி கழன்று விழுந்தது, குனிந்து எடுத்தாள்.

"ஒருத்தரோடையும் இல்லை."

"என்னோடை கதைச்சியாம். எனக்கு முழங்கால் ஏலாதாம்."

"ஓம்."

ஓம்! அப்படியே சொன்னாள். அழவில்லை, மறுக்கவில்லை. மறுத்திருந்தால் நான் கத்தியிருப்பேன். கத்தத் தயாராகத்தான் வந்தேன்.

"கட்டையிலை போவாளே, ஏன்டி அப்பிடிச் செய்தனி? என்ரை ஆசை உனக்குத் தெரியும். வேறை ஒருத்தருக்கும் தெரியாது, உனக்குத் தெரியும்."

"தெரியும். பதின்மூண்டு வருசம் இந்த மலையிலை வைச்சு என்ரை காதைத் தின்னனி. சிஞ்ஞோரா சொன்னா, சிஞ்ஞோரா காட்டினா. நான் பதினொரு வருசம் அந்தக் கிழவனுக்குப் பீத்துணி மாத்தினனான். எனக்கு ஆர் படம் காட்டினது? என்னை ஆராவது ஒரு இடத்துக்கு வா எண்டு கேட்டிருக்கினமே, வேலைக்கில்லாமல்? நீ சொல்லச் சொல்ல எனக்கும் ஆசை வந்திட்டுது. உனக்கு மட்டும்தான் ஆசை வரலாமே?"

"என்னட்டைக் கேட்டிருக்கலாமே. தந்திருப்பன்."

"தந்திருப்பாய். பிறகு சாகும் மட்டும் தந்தனான், தந்தனான் எண்டு சொல்லிக் காட்டியிருப்பாய்."

உண்மைதான், சொல்லிக் காட்டியிருப்பேன். வெறுங்காலோடு ஒரு குடும்பம் எங்களைத் தாண்டிப் போனது. தெரிந்த ஆட்கள். இருவரும் சிரித்துத் தலையாட்டினோம். அவர்கள் வளைவு திரும்பும் வரைக்கும் காத்திருந்தோம்.

எனக்கு அவளிடமிருந்து ஒன்று வேண்டியிருந்தது. மன்னிப்புக்கூட அல்ல. அங்கே, ஓடையைத் தாண்டும்போதோ, அந்தக் கல்லடியிலோ, என்னுடைய கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கும்போது, ஒரு கணமாவது அவளுக்குக் குத்தியிருக்கவேண்டும். அது தெரிந்தால் போதும், எப்படியாவது இதைக் கடந்துவிடுவேன் என்று நினைத்தேன்.

"அங்கை நடக்கேக்கை," என்றேன், "என்னை ஒருக்காவெண்டாலும் நினைச்சியே?"

நேர்மையாக யோசித்தாள். கடலைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள்.

"முதல் நாள் நினைச்சனான், பயத்திலை," என்றாள். "பிறகு இல்லையடி. மனிசனையும் நினைக்கேல்லை, பிள்ளையளையும் நினைக்கேல்லை. ஒருத்தரையும் நினைக்கேல்லை. காலையிலை வெளிக்கிட்டா கால் தன்ரை பாட்டிலை போகும், தலைக்குள்ளை ஒண்டும் இல்லை. என்ரை சீவியத்திலை அப்பிடி இருந்ததில்லை."

சொல்லும்போது அவள் முகம் விரிந்தது. நான் எழும்பி இறங்கத் தொடங்கினேன். அவள் கூப்பிட்டாள், நான் திரும்பவில்லை. அதற்குப் பிறகு இத்தனை நாளாக ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறோம், கதைப்பதில்லை. "ஓம், நினைச்சனான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே அவளை மன்னித்திருப்பேன். என் பெயரில் வெறும் போனுக்குள் அத்தனை பொய் சொன்னவளுக்கு, எனக்காக ஒரே ஒரு பொய் சொல்ல வரவில்லை.